லாரி ஏசி கம்ப்ரசர் கிளட்ச்: பழுதைக் கண்டறிவதும் மாற்றுவதும்

காலையில் வண்டியை எடுக்கும்போது நன்றாகக் குளிர்கிற ஏசி, வெயில் ஏறி எஞ்சினும் சூடேறிய பிறகு வெறும் காற்றை மட்டும் வீசத் தொடங்கும். இரவில் வண்டி ஆறி மறுநாள் எடுத்தால் எதுவுமே நடக்காததுபோல மறுபடி குளிரும். இந்த அறிகுறியைக் கேட்டதும் கேஸ் குறைந்துவிட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் பலர். கேஸ் குறைந்திருந்தால் காலையிலும் குளிர் மந்தமாகத்தான் இருக்கும். காலைக்கும் நண்பகலுக்கும் இடையே மாறியது வெப்பம் ஒன்றுதான் என்பதால், வெப்பம் ஏறினால் வலு குறைகிற ஒரு பாகத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். லாரி ஏசியில் அந்தப் பாகம் பெரும்பாலும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் முன்பக்கத்தில் இருக்கிற மின்காந்தக் கிளட்ச்.

இங்கே விவரிக்கும் வேலை முழுவதும் கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீலுக்கு வெளியே நடப்பது. ஆகவே கேஸை இறக்க வேண்டியதில்லை. எந்தக் குழாயையும் திறக்க வேண்டியதில்லை. முன்பக்கம் கையும் கருவியும் நுழைய இடம் இருந்தால் கம்ப்ரசரை வண்டியிலேயே வைத்துக்கொண்டு வேலையை முடிக்கலாம். இடம் போதாவிட்டால் அதைத் தாங்கும் போல்ட்டுகளை மட்டும் கழற்றி, குழாய்கள் பூட்டியபடியே, அவை முறுக்கிக்கொள்ளாத அளவுக்குத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். சில புதிய வண்டிகளில் கிளட்ச்சே இல்லாத கம்ப்ரசர்கள் வருகின்றன. அவற்றில் ஏசியை அணைத்தாலும் ஷாஃப்ட் புல்லியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். முன்பக்கத்தில் காயிலுக்கு, அதாவது கிளட்ச்சின் காந்தச் சுருளுக்கு, ஒயர் போகிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டு மேலே படிப்பது நல்லது.

கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது

இதில் பாகங்கள் மூன்றே. கம்ப்ரசரின் மூக்குப் பகுதியில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும் வளையம் காயில். அதை மூடியபடி ஒரு பேரிங்கின் மேல் சுற்றுவது புல்லி. எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் பெல்ட் இதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். புல்லிக்கு முன்னால், தலைமயிர் பருமனைவிடச் சில மடங்கே அதிகமான இடைவெளியில், ஷாஃப்ட்டோடு பூட்டப்பட்டு நிற்பது கிளட்ச் பிளேட். காயிலுக்கு மின்சாரம் போனதும் அது காந்தமாகி, புல்லியின் வழியாகப் பிளேட்டை இழுத்து ஒட்டவைக்கிறது. அந்த நொடியிலிருந்து புல்லியும் பிளேட்டும் ஒன்றாகச் சுற்றி ஷாஃப்ட்டைச் சுழற்றுகின்றன. மின்சாரம் நின்றதும் பிளேட்டில் உள்ள பட்டை ஸ்பிரிங்குகளோ ரப்பரோ அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கின்றன.

நண்பகலில் நடக்கும் கோளாறு இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது. காயில் என்பது செம்புக் கம்பிச் சுற்று. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.39 விழுக்காடு உயரும். 20 டிகிரியில் 3.6 ஓம் காட்டுகிற ஒரு 12 வோல்ட் காயில், எஞ்சின் வெப்பமும் தன் வெப்பமும் சேர்ந்து 120 டிகிரியை எட்டும்போது 5 ஓம் ஆகிவிடும். காலையில் 3.3 ஆம்பியர் எடுத்த அதே காயில் இப்போது 2.4 ஆம்பியர்தான் எடுக்கும். காந்தத்தின் இழுவிசை மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்தை ஒட்டி மாறுவதால், விசை ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. இதற்கு மேல், வருடக்கணக்கில் உராய்ந்து பிளேட் தேய்ந்து, 0.5 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி 1 மி.மீ. ஆகியிருந்தால், இழுவிசை கால்பங்காகக் குறையும். இரண்டும் ஒன்றாகச் சேரும் நேரம் நண்பகல். காலையில் எட்டிப் பிடித்த காந்தத்துக்கு அப்போது பிளேட் எட்டாது. ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் பிளேட்டைப் பிடித்துவைத்திருக்க மிகச் சிறிய விசையே போதும் என்பதால், ஓட்டத்தில் நன்றாக இருந்த ஏசி, வழியில் எங்காவது ஒருமுறை அணைந்து மறுபடி பிடிக்க வேண்டிய தருணத்தில்தான் கைவிடும்.

முதலில் மின்சாரம்

கிளட்ச் பிடிக்கவில்லை என்பதும் கிளட்ச் கெட்டுவிட்டது என்பதும் வேறு வேறு. ஏசி சுவிட்சிலிருந்து காயில் வரையுள்ள பாதையில் ஃபியூஸ், ரிலே, ஆவியாக்கியில் பனி உறையாமல் காக்கும் சுவிட்ச், குறைவழுத்தத்துக்கும் மிகையழுத்தத்துக்குமான சுவிட்ச், பல வண்டிகளில் எஞ்சின் கணினி ஆகிய அனைத்தும் காவல் இருக்கின்றன; இவற்றில் எது மறுத்தாலும் காயிலுக்கு மின்சாரம் போகாது. அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழுக் குளிரில் வைத்து, காயில் கனெக்டரைப் பிரிக்காமலே அதன் பின்புறமாக மீட்டரின் ஊசியைச் செருகி வோல்ட்டை அளக்க வேண்டும். விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகில் கை போகாதபடி, ஊசிகளையும் நீளமான ஒயர்களையும் எஞ்சின் நிற்கும்போதே பொருத்திவிடுங்கள். கனெக்டரைப் பிரித்துவிட்டு அளப்பது பலரும் செய்யும் தவறு. பிரித்த நிலையில் மின்னோட்டமே இல்லாததால், பச்சை பூத்துப்போன ஒரு முனைகூட முழு வோல்ட்டையும் காட்டிவிடும். காயில் மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். ரிலேயின் கரிந்த முனையில் ஒரே ஒரு ஓம் தடை இருந்தாலும், 3.6 ஓம் காயிலுள்ள 12 வோல்ட் வண்டியில் அங்கேயே 2.6 வோல்ட் போய்விடும்; காயிலுக்குக் கிடைப்பது 9.4 வோல்ட். அதே கோளாறு, 14.4 ஓம் காயிலுள்ள 24 வோல்ட் லாரியில் ஒன்றரை வோல்ட்டை மட்டுமே விழுங்கும். பேட்டரியில் இருப்பதற்கும் காயிலில் கிடைப்பதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பாதையைத் தேடிச் சரிசெய்வதே வேலை. கிளட்ச்சைத் தொட வேண்டாம். எர்த் பக்கத்தையும் மறக்கக் கூடாது. ஒற்றை ஒயர் காயில்களில் மின்சாரம் திரும்பிப் போவது கம்ப்ரசர் உடம்பின் வழியாகத்தான். தாங்கியில் துருவோ பெயின்ட்டோ இருந்தால் அந்த வழி அடைபடும்.

காயிலுக்கு வோல்ட்டே வரவில்லை என்றால் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சின் நின்று ஆறிய நிலையில், 30 டிகிரி வெப்பமுள்ள, ஆர்134ஏ என்ற கேஸ் நிரப்பிய அமைப்பில், குறைவழுத்தப் பக்கம், மிகையழுத்தப் பக்கம் இரண்டின் அளவிகளும் ஏறக்குறைய 6.7 பார் காட்டும். உள்ளே திரவம் கொஞ்சமேனும் இருக்கிறது என்பதைத் தவிர இந்த அளவு வேறெதையும் சொல்லாது. எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் 2 பாருக்குக் கீழே இருந்தால் கேஸ் கசிந்துபோய், குறைவழுத்த சுவிட்ச் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த சுவிட்சின் இரு முனைகளையும் ஒயரால் இணைத்துவிட்டு வண்டியை ஓட்டுவது நான் பார்த்த குறுக்குவழிகளிலேயே விலை அதிகமானது. கம்ப்ரசருக்கு எண்ணெயைக் கொண்டுவந்து சேர்ப்பதே சுற்றிவரும் கேஸ்தான். கேஸ் இல்லாமல் ஓடினால் சில நாட்களில் கம்ப்ரசர் உள்ளே இறுகிவிடும்.

இனி காயில். கனெக்டரைப் பிரித்து அதன் தடையை அளந்தால், 12 வோல்ட் காயில்கள் பெரும்பாலும் 3 முதல் 5 ஓம் வரையும், 24 வோல்ட் காயில்கள் 12 முதல் 20 ஓம் வரையும் காட்டும். துல்லியமான எல்லை அந்தந்தக் கம்ப்ரசரின் கையேட்டில் இருக்கும். முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, அல்லது சில காயில்களுக்குள் வைத்திருக்கும் வெப்ப ஃபியூஸ் எரிந்திருக்கிறது. ஓர் ஓமுக்குக் கீழே காட்டினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. அளவு சரியாக இருந்தும் சந்தேகம் தீராவிட்டால், எஞ்சின் சூடாக இருக்கும்போது, அதாவது பழுது வெளிப்படுகிற நேரத்தில், மறுபடியும் அளக்க வேண்டும். ஆறிய காயிலில் தெரியாத விரிசல் சூட்டில் திறந்துகொள்ளும்.

பல காயில்களில் கனெக்டருக்கு அருகே டேப்புக்குள் ஒரு சிறு டையோடு ஒளிந்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தும்போது காயிலில் எழும் எதிர்வோல்ட்டு நூறைத் தாண்டக்கூடியது. அதை விழுங்கி ரிலேயையும் கணினியையும் காப்பதே அதன் வேலை. டையோடு ஷார்ட் ஆனால், ஏசியை அழுத்திய நொடியே ஃபியூஸ் போகும். அது அறுந்தால் ஏசி வேலை செய்துகொண்டுதான் இருக்கும், ஆனால் ரிலே அடிக்கடி கரியும். காயிலோடு இணைந்திருக்கும்வரை டையோடை மீட்டரால் சோதிக்க முடியாது. இரு பக்கமும் காயிலின் குறைந்த தடையே தெரியும்.

இடைவெளியை அளத்தல்

எனக்குப் பிடித்த சோதனை இது; அதிகம் புறக்கணிக்கப்படுவதும் இதுதான். எஞ்சினை நிறுத்தி, பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஃபீலர் கேஜை (கனம் குறித்த மெல்லிய உலோக இலைகளின் தொகுப்பு) செருகி மூன்று இடங்களில் அளக்க வேண்டும். பெரும்பாலான கம்ப்ரசர்களுக்குக் கையேடு சொல்லும் அளவு 0.3 மி.மீ.க்கும் 0.8 மி.மீ.க்கும் இடைப்பட்டதாக இருக்கும். இலை இடைவெளிக்குள் லேசான உரசலோடு போய்வர வேண்டும். அழுத்தித் திணித்தால் பிளேட்டின் ஸ்பிரிங் வளைந்துகொடுத்துப் பொய்க்கணக்குச் சொல்லும்.

அளவு கூடுதலாக இருந்தால், அதுதான் காரணமா என்பதை உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. வண்டியை ஓட்டி, கிளட்ச் பிடிக்காமல் போகிற அளவுக்குச் சூடேற்றி, எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். பிறகு 5 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த ஒரு ஒயரால் பேட்டரியிலிருந்து நேரடியாகக் காயிலுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். டையோடு உள்ள காயிலில் நேர், எதிர் முனைகள் மாறிவிடக் கூடாது. 'டக்' என்ற ஓசையோடு பிளேட் ஒட்டினால் இடைவெளி குற்றமற்றது. ஒட்டாமல் நின்றால், ஒரு மரத்துண்டால் பிளேட்டை மெதுவாகப் புல்லியை நோக்கித் தள்ளிப் பாருங்கள். தள்ளியதும் ஒட்டிக்கொண்டு, கையை எடுத்த பிறகும் விடாமல் பிடித்திருந்தால், காந்தம் உயிரோடு இருக்கிறது, தூரம்தான் அதிகம் என்று தெளிவாகிவிடும். ஓடும் எஞ்சினில் பிளேட்டைக் குச்சியால் தட்டிப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு; குச்சி பெல்ட்டில் சிக்கினால் அதோடு கையும் போகும்.

ஒரு லாரியில் இரண்டு ரிலே மாற்றி, ஒருமுறை கேஸும் ஏற்றி, கடைசியில் கம்ப்ரசரையே மாற்றச் சொல்லியிருந்தார்கள். நான் அளந்தபோது இடைவெளி 1.1 மி.மீ. பிளேட்டைக் கழற்றி, ஷாஃப்ட்டின் தோளில் இருந்த ஷிம்களில் 0.5 மி.மீ. கனமுள்ள ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுப் பூட்டினேன். இடைவெளி 0.6 ஆனது; நண்பகல் நோய் போய்விட்டது. பிளேட் புல்லியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை இந்த மெல்லிய வளையங்களே தீர்மானிக்கின்றன. ஒன்றை எடுத்தால் அதன் கனமளவுக்குப் பிளேட் உள்ளே நகரும். உராயும் பரப்புகள் சூட்டால் நீலம் பாயாமலும் பள்ளம் விழாமலும் இருந்து, எடுப்பதற்கு ஷிம்மும் இருந்தால், புதிய கிளட்ச் வாங்கும் தேவையே எழாது. ஷிம் எல்லாம் தீர்ந்த பிறகும் இடைவெளி அதிகமாக இருந்தால்தான் பிளேட்டின் ஆயுள் முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

ஓசையும் மணமும்

புல்லியின் பேரிங் எஞ்சின் ஓடும்போதெல்லாம் சுற்றுவது. ஏசி அணைந்திருக்கும்போதும் இரைச்சல் கேட்டால் பேரிங்கையும், ஏசியைப் போட்டால் மட்டும் கேட்டால் கம்ப்ரசரின் உட்பகுதியையோ வழுக்கும் பிளேட்டையோ சந்தேகிக்கலாம். பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கையால் சுற்றி, இரண்டு கைகளாலும் பிடித்து முன்பின் ஆட்டிப் பார்த்தால் பேரிங்கின் நிலை விரல்களுக்குத் தெரிந்துவிடும். ஏசியை அணைத்த பிறகும் பிளேட் சுற்றிக்கொண்டே இருந்தால், எஞ்சினை நிறுத்திக் காயில் கனெக்டரைப் பிரித்துவிட்டு மறுபடி எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள்: இப்போது பிளேட் சுற்றவில்லை என்றால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அப்போதும் சுற்றினால் பிளேட் புல்லியோடு உருகி ஒட்டியிருக்கிறது, அல்லது இடைவெளி அறவே இல்லை.

எரிந்த மணம் வந்து கிளட்ச் வழுக்கியிருந்தால், அது ஏன் வழுக்கியது என்று கேட்காமல் புதியதைப் பூட்டக் கூடாது. பெல்ட் பூட்டியிருந்தாலும் கிளட்ச் விட்ட நிலையில் பிளேட்டைக் கையால் சுற்ற முடியும். மென்மையான, சீரான எதிர்ப்போடு அது சுற்ற வேண்டும். கரகரப்போ இறுக்கமோ தெரிந்தால் கம்ப்ரசர் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, புதிய கிளட்ச்சையும் அது எரித்துவிடும். கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் மடிப்புகளில் தூசியும் பூச்சியும் அடைத்திருந்தாலோ, விசிறி வேகம் எடுக்காவிட்டாலோ, அளவுக்கு மேல் கேஸ் ஏற்றியிருந்தாலோ அழுத்தம் எகிறி, அத்தனை சுமையைத் தாங்க முடியாமல் பிளேட் வழுக்கும். ஷாஃப்ட் சீலிலிருந்து கசியும் எண்ணெய் உராயும் பரப்பில் படிந்தாலும் இதே விளைவுதான். இதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன்: மூக்குப் பகுதியில் இருந்த ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் புதிய கிளட்ச்சைப் பூட்டினேன், மூன்றாவது வாரமே அதே மணத்தோடு வண்டி திரும்பி வந்தது. சீல் கசிந்தால், கேஸை முறையான இயந்திரத்தால் மீட்டெடுத்துச் சீலை மாற்றுவதுதான் வழி. ஆர்134ஏ வாயுவின் புவி வெப்பமாக்கும் திறன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 1430 மடங்கு என்று மதிப்பிடப்பட்டிருப்பதால், அதைக் காற்றில் திறந்துவிடுவது பல நாடுகளில் குற்றமும்கூட.

கழற்றுதல்

எஞ்சின் ஆறட்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கேபினைச் சாய்க்கும் வண்டியானால் அதன் பூட்டு விழுந்திருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பிறகே கையை உள்ளே விட வேண்டும். பெல்ட் எந்தெந்தப் புல்லியைச் சுற்றி எப்படிப் போகிறது என்று ஒரு படம் எடுத்துக்கொண்டால் பூட்டும்போது தலையைச் சொறிய வேண்டியிருக்காது. பெல்ட்டை இறுக்கிவைக்கும் டென்ஷனரைத் தளர்த்தி அதை எடுத்து, அதன் வரிகளில் விரிசல் இருக்கிறதா என்று மடித்துப் பாருங்கள்.

பிளேட்டின் துளைகளில் மாட்டும் பிடி ஸ்பேனரால் அதைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டு நடு போல்ட்டையோ நட்டையோ கழற்ற வேண்டும். பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவே ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பினால் பிளேட் வளைந்துவிடும்; பழைய பிளேட்டையே திரும்பப் பூட்டும் எண்ணம் இருந்தால் அதோடு போயிற்று. நடு போல்ட் போன பிறகும் பிளேட் கையோடு வராவிட்டால் அதற்கான புல்லரைத்தான் பயன்படுத்த வேண்டும். ஷாஃப்ட்டின் நுனியில் சுத்தியலால் தட்டுவது எந்த நிலையிலும் கூடாது, அந்த அடி நேராக உள்ளே போய்ச் சீலையும் தாங்கு பேரிங்கையும் பதம் பார்க்கும்.

பிளேட் கையில் வந்ததும் அதைத் தள்ளி வைத்துவிடாமல் திருப்பிப் பாருங்கள். ஷிம்கள் ஷாஃப்ட்டின் மேல் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் எண்ணெய்ப் பசையால் அவற்றில் ஒன்று பிளேட்டின் நடுக்குழிக்குள் ஒட்டிக்கொண்டு, பழைய பிளேட்டோடு குப்பைக்குப் போவது வழக்கம். நக நுனியால் குழியின் அடியைச் சுரண்டிப் பார்த்தால், உலோகமே என்று நினைத்தது மெல்லிய வளையமாகப் பிரிந்து வரும். எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து, ஒவ்வொன்றின் கனத்தையும் அளந்து ஒரு தாளில் வரிசையாக வைத்துக்கொள்ள வேண்டும். ஷாஃப்ட்டில் சாவிக்கட்டை (பிளேட்டை ஷாஃப்ட்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) இருந்தால் அதையும் தொலைத்துவிடாதீர்கள்.

அடுத்து புல்லியைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் வளையமான சர்க்ளிப்பை அதற்குரிய பிளயரால் விரித்து எடுக்க வேண்டும். விசையோடு தெறித்து வரக்கூடியது என்பதால் கண்ணாடி அணிந்திருப்பது அவசியம். புல்லி சிலவற்றில் கையாலேயே உருவிக்கொண்டு வரும், சிலவற்றில் ஷாஃப்ட் நுனியைக் காக்கும் மூடியோடு புல்லர் வேண்டும். புல்லி போனதும் காயில் தெரியும். அதன் ஒயரைப் பிடித்திருக்கும் சிறு கிளிப்பை விடுவித்து, காயிலின் சர்க்ளிப்பையோ திருகுகளையோ கழற்றினால் காயில் வெளியே வந்துவிடும். ஒயர் எந்தப் பக்கமாகத் திரும்பிப் போயிற்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பூட்டுதல்

மூன்று பாகங்களையும் ஒரே தொகுப்பாக மாற்றுவதையே நான் விரும்புவேன். தேய்ந்த புல்லியின் முகத்தில் புதிய பிளேட்டைப் பூட்டினால் இரண்டும் முழுப் பரப்பில் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் சூடேறி மறுபடி வழுக்கும். புதிய தொகுப்பை வாங்கும்போது வோல்ட், புல்லியின் விட்டம், பெல்ட் வரிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் காயிலும் 24 வோல்ட் காயிலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், மீட்டருக்குத்தான் வேறுபாடு தெரியும்.

கம்ப்ரசரின் மூக்கைத் துடைத்து உலர்த்திய பிறகு காயிலை வைக்கலாம். அதன் பின்புறம் உள்ள சிறு முனை, உடம்பில் உள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும்; உட்காராவிட்டால் காயில் சாய்ந்து நின்று புல்லியில் உரசும். சர்க்ளிப்பின் ஒரு விளிம்பு சரிவாகச் சீவப்பட்டிருந்தால் அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். காயிலின் ஒயரைக் கிளிப்பில் இறுக்காமல் விட்டால் சில நாள் அதிர்விலேயே புல்லியின் விளிம்பு அதை அறுத்துவிடும்.

புல்லியை உள்ளே தள்ளும்போது பேரிங்கின் உள்வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். அந்த வளையத்தின் அளவுக்குப் பொருந்தும் குழாய்த் துண்டு ஒன்றை வைத்து நேராக அழுத்தினால் போதும். புல்லியின் விளிம்பில் தட்டினால் விசை பேரிங்கின் குண்டுகள் வழியாகப் போய், புதிய பேரிங் பூட்டும் முன்பே பாழாகிவிடும். சர்க்ளிப்பைப் போட்டதும் புல்லியைக் கையால் சுழற்றிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். உரசல் ஓசை எதுவும் வரக் கூடாது.

இப்போது ஷிம்கள். பழைய ஷிம்களை அப்படியே போட்டால் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். புதிய பிளேட்டின் கனம் வேறாக இருக்கலாம். முதல் முயற்சிக்கு அவற்றையே போட்டு, சாவிக்கட்டையையோ ஷாஃப்ட்டின் பற்களையோ பொருத்திப் பிளேட்டை ஏற்றி, நடு போல்ட்டைக் கையேடு சொல்லும் டார்க்கில் (முறுக்கு விசையில்) முடுக்கி அளக்க வேண்டும். போல்ட்டை முழுவதும் முடுக்காமல் அளந்தால் பிளேட் ஷிம்களின் மேல் உட்கார்ந்திருக்காது, கணக்கு தவறும். பல கம்ப்ரசர்களில் நடு போல்ட் எம்6 அளவுள்ள மெல்லிய போல்ட்தான். கை பழகிய லாரி மெக்கானிக் மற்ற போல்ட்டுகளைப்போல இதையும் முறுக்கினால் அது ஷாஃப்ட்டுக்குள்ளேயே முறிந்துவிடும். அதனால் இந்த ஓர் இடத்திலாவது டார்க் ரெஞ்சைக் கையில் எடுக்க வேண்டும்.

மூன்று இடங்களில் அளந்து, புல்லியைச் சுற்றாமல் பிளேட்டை மட்டும் அரைச் சுற்று திருப்பி மறுபடி அளக்க வேண்டும். மூன்று அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால் வேலை முடிந்தது. ஒரு பக்கம் 0.4, மறுபக்கம் 0.8 என்று வந்தால் பிளேட் வளைந்திருக்கிறது, அல்லது அடியில் தூசியோ மடிந்த ஷிம்மோ இருக்கிறது. எல்லை அனுமதித்தால் இடைவெளியைக் கீழ்ப்பாதியில் வைப்பதே என் பழக்கம். தேய்மானத்துக்கு இடம் கிடைக்கும், சூட்டிலும் காந்தம் எட்டிப் பிடிக்கும். அதற்காக எல்லைக்குக் கீழே இறக்கிவிட்டால், ஏசி அணைந்த பிறகும் பிளேட் உரசிக்கொண்டே இருந்து பேரிங்கையும் சேர்த்துச் சூடாக்கும்.

பெல்ட்டைப் போடும் முன், பேட்டரியின் எதிர்முனையை மறுபடி பூட்டி, ஃபியூஸ் கோத்த அதே ஒயரால் காயிலுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். பிளேட் சுற்றிலும் ஒரே நேரத்தில், ஒரே 'டக்' ஓசையோடு ஒட்ட வேண்டும். மின்சாரத்தை எடுத்ததும் தயங்காமல் விட வேண்டும். இந்த நிலையில் கோளாறு தெரிந்தால் திருத்துவது சில நிமிட வேலை. பெல்ட்டையும் மற்றவற்றையும் பூட்டிய பிறகு தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பரப்புகளைப் பழக்குதல்

புதிய பிளேட்டும் புதிய புல்லியும் எந்திரத்தில் கடைந்த கோடுகளோடு வருகின்றன. அவை ஒன்றோடொன்று உரசிப் பொருந்தும் வரை முழு முறுக்கத்தையும் தாங்கா. எஞ்சினை நிமிடத்துக்கு 1500 சுற்றுகளில் வைத்து, ஏசியை ஐந்து நொடி போட்டு ஐந்து நொடி அணைப்பதாக இருபது முறை செய்தால் பரப்புகள் பழகிக்கொள்ளும். லேசாக மணம் வருவது இந்தக் கட்டத்தில் இயல்பு. இருபதாவது முறைக்குப் பிறகும் மணமோ கீச்சொலியோ தொடர்ந்தால் பெல்ட்டின் இறுக்கத்தையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும்.

பிறகு ஏசியை முழுக் குளிரில் அரை மணி நேரம் ஓடவிட்டு, எஞ்சின் பகுதி நன்றாகச் சூடேறிய நிலையில் பலமுறை அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆறிய வண்டியில் செய்யும் சோதனைக்கு இந்தப் பழுதில் மதிப்பில்லை. ஓடும்போது காயிலில் உள்ள வோல்ட்டை இன்னொரு முறை அளந்து, பேட்டரி வோல்ட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தி, பரப்புகள் பழகிய பின் இடைவெளி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, மீந்த ஷிம்களோடு சிறு உறையில் போட்டு வண்டியின் ஆவணங்களோடு வைத்துவிடலாம். இரண்டு கோடைகள் கழித்து, நண்பகலில் மறுபடி வெறும் காற்று வீசத் தொடங்கும்போது, ஃபீலர் கேஜை எடுப்பவருக்கு ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கும்.